ஆட்டு மூளைத் தடுப்பூசியும் மூளை அழற்சியின் வரலாறும்

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நாய்க்கடியைப் பற்றிப் பேச்செடுத்தால், "தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி" என்ற சொற்றொடர் தானாக வந்து விழும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கலந்து புழங்கும் இந்த எல்லைப் பகுதியில் மூன்று மொழிக்காரர்களுக்கும் அந்த அச்சம் பொதுவானது. ஊசியின் நீளமும் வலியும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஊசிக்குள் இருந்தது என்ன என்பது பலருக்குத் தெரியாது. அது வெறிநோய் வைரஸ் ஏற்றப்பட்ட ஆட்டின் மூளையை அரைத்து, வைரஸைக் கொன்று தயாரித்த கரைசல். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எண்ணற்ற உயிர்களைக் காத்த அந்த மருந்தே, சிலருடைய மூளையையும் தண்டுவடத்தையும் அழற்சிக்கு உள்ளாக்கியது. மூளை நோய்களில் அழற்சி வகிக்கும் பங்கை மருத்துவ உலகம் புரிந்துகொண்டதில் இந்த ஊசிக்கு முக்கியமான இடம் உண்டு.

அந்த வரலாற்றின் இரு முக்கிய இடங்களுக்கு நடுவில்தான் கிருஷ்ணகிரி மாவட்டம் அமைந்திருக்கிறது. ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் பெங்களூர், அங்கே நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம். கிருஷ்ணகிரியிலிருந்து கிழக்கே நெடுஞ்சாலையில் போனால் வேலூர், அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரி. வலிப்பு, பக்கவாதம், நினைவு தப்பிய காய்ச்சல் என்றால் இப்பகுதி மக்கள் ஒன்று மேற்கே போவார்கள், அல்லது கிழக்கே போவார்கள். தடுப்பூசி வந்ததோ மூன்றாவது ஓர் ஊரிலிருந்து, நீலகிரியின் குன்னூரிலிருந்து.

அழற்சி என்றால் என்ன?

காலில் முள் குத்திய இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, வலிக்கிறது. இந்த நான்கு அடையாளங்களையும் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். இது நோயன்று, உடலின் காவல் வேலை. இரத்தத்திலிருந்து வெள்ளையணுக்கள் வெளியேறி, நுழைந்த கிருமியைத் தாக்கிச் சிதைந்த திசுவை அப்புறப்படுத்துகின்றன. வேலை முடிந்ததும் வீக்கம் வடிகிறது.

மூளையில் இதே வேலை நடந்தால் சிக்கல் வேறு. மண்டையோடு விரிந்து கொடுக்காது. சிறிய வீக்கமும் உள்ளே அழுத்தத்தைக் கூட்டிவிடும். இறந்த நரம்பணுக்களுக்குப் பதிலாகப் புதியவை வளர்வதும் அரிது. இதனால்தானோ என்னவோ, இயற்கை மூளைக்குத் தனிக் கதவு வைத்திருக்கிறது. 1885இல் ஜெர்மானிய அறிவியலாளர் பால் எர்லிச் விலங்குகளின் இரத்தத்தில் சாயம் செலுத்தியபோது மற்ற உறுப்புகள் எல்லாம் நிறம் பெற்றன, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. இந்தத் தடை பின்னர் இரத்த–மூளைத் தடுப்பு எனப்பட்டது. 1919இல் ஸ்பெயின் நாட்டின் பியோ தெல் ரியோ ஒர்த்தேகா, மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் அணுக்களைப் பிரித்தறிந்து மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். இவை அமைதிக் காலத்தில் மெல்லிய கிளைகளை நீட்டிச் சுற்றுப்புறத்தைத் துழாவிக்கொண்டிருக்கும். ஆபத்து வந்தால் உருவம் பருத்து, கிருமிகளையும் கழிவுகளையும் விழுங்கத் தொடங்கும்.

இருந்தும் நெடுங்காலம், மூளை என்பது நோய் எதிர்ப்பு மண்டலம் எட்டிப்பார்க்காத தனித்தீவு என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. அந்த எண்ணத்தை முதலில் ஆட்டம் காணச் செய்தவற்றுள் ஒன்று நாய்க்கடி ஊசி.

பாரிஸிலிருந்து குன்னூர் வரை

எர்லிச் சாயம் செலுத்திய அதே 1885ஆம் ஆண்டில், ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் தம் தடுப்பு மருந்தைச் செலுத்தச் செய்தார். வெறிநோய் வைரஸ் நரம்புத் திசுவில்தான் செழித்து வளரும். ஆகவே நோயுற்ற முயலின் தண்டுவடத்தை உலர்த்தி, வைரஸின் வீரியத்தைக் குறைத்து மருந்தாக்கினார் பாஸ்டர். சிறுவன் பிழைத்தான். மருந்தோடு கூடவே நரம்புத் திசுவும் மனித உடலுக்குள் போகிறது என்பதை அன்று யாரும் பெரிதாக எண்ணவில்லை. எண்ணியிருந்தாலும் வேறு வழி இல்லை. வைரஸை வளர்க்க வேறு ஊடகம் அப்போது கிடையாது.

இந்தியாவில் இமயமலைச் சாரலின் கசௌலியில் 1900இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. கடிபட்டவர்கள் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் அங்கேதான் போக வேண்டும். 1902இல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் வெறிநோயால் இறந்தபோது, தெற்கிலும் இப்படி ஒரு நிறுவனம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. அதற்கு முன் பெயர் தெரியாமல் இறந்த உழவர்களும் ஆடு மேய்ப்பவர்களும் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தவர் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சாவுக்குப் பிறகே பணமும் இடமும் கிடைத்தன என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அமெரிக்க இரும்பு வணிகர் என்றி பிப்ஸ் அப்போதைய வைஸ்ராய் கர்சனிடம் அளித்திருந்த நன்கொடையின் ஒரு பகுதியைக் கொண்டு, 1907இல் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அன்று ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தின் வட்டங்கள். அங்கே நாய் கடித்த ஒருவர் மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து மலை ரயிலில் குன்னூர் ஏற வேண்டியிருந்தது.

இந்த அலைச்சலைத் தீர்த்தவர் டேவிட் செம்பிள் என்ற இராணுவ மருத்துவர். கசௌலி நிறுவனத்தை உருவாக்கியவர் அவர். வைரஸை உலர்த்தி வலுவிழக்கச் செய்வதற்கு மாறாக, பீனால் சேர்த்து முற்றிலும் கொன்றுவிடும் முறையை 1911இல் அவர் வெளியிட்டார். உயிரற்ற மருந்து என்பதால் புட்டிகளில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்ப முடிந்தது. பின்னர் ஆடுகளின் மூளையில் வைரஸை வளர்த்து, நூற்றுக்கு ஐந்து பங்கு மூளைத் திசு உள்ள கரைசலாகத் தயாரிப்பது வழக்கமாயிற்று. இதுவே செம்பிள் தடுப்பூசி. கரைசலின் அளவு அதிகம் என்பதால் பரந்த இடம் உள்ள வயிற்றுத் தோலில், நாளுக்கு ஒன்றாக ஏழு முதல் பதினான்கு நாள் வரை போட்டார்கள். தொப்புளைச் சுற்றி என்ற பேச்சு இப்படித்தான் வந்தது. தொப்புளுக்கும் வெறிநோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஊசிக்குப் பின் வந்த வாதம்

பாஸ்டர் காலத்திலிருந்தே ஒரு குறை தொடர்ந்து வந்தது. ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே, பெரும்பாலும் முதல் ஊசியிலிருந்து இரண்டு வாரம் அளவில், சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்து கால்கள் வலுவிழந்தன. சிறுநீர் பிரியாமல் நின்றது. சிலருக்கு நினைவு தப்பியது, சிலருக்கு வாதம் காலிலிருந்து மேலேறி மூச்சை நிறுத்தியது. பலர் தேறினார்கள். சிலர் நிரந்தரமாக முடமானார்கள், சிலர் இறந்தார்கள்.

காரணம் குறித்துப் பல ஊகங்கள். மருந்தில் சாகாமல் எஞ்சிய வைரஸா? பீனாலின் நஞ்சா? 1930களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் தாமஸ் ரிவர்ஸ் இதைச் சோதித்தார். வைரஸ் எதுவும் இல்லாத, நலமான முயலின் மூளைத் திசுவைக் குரங்குகளுக்கு மாதக்கணக்கில் ஊசியாகப் போட்டார். குரங்குகளுக்கும் வாதம் வந்தது. அவற்றின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சிரைகளைச் சுற்றி வெள்ளையணுக்கள் மொய்த்திருந்தன. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற கொழுப்புறை உரிந்து கிடந்தது. வைரஸும் இல்லை, பீனாலும் இல்லை. மூளைத் திசுவே குற்றவாளி.

நடந்தது இதுதான். ஆட்டின் மயலினில் உள்ள புரதமும் மனிதனின் மயலினில் உள்ள புரதமும் மிக நெருங்கிய ஒற்றுமை உடையவை. அயல்பொருள் என்று ஆட்டு மயலினைத் தாக்கப் பழகிய எதிர்ப்பு அணுக்கள், தடுப்பைத் தாண்டி மூளைக்குள் நுழைந்து சொந்த மயலினையும் தாக்குகின்றன. திருடனும் வீட்டுக்காரரும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருந்தால் காவலாளி யாரை அடிப்பார்? 1947இல் எல்வின் கேபட் முதலியோர், எதிர்ப்பாற்றலைத் தூண்டும் எண்ணெய்க் கலவையைச் சேர்த்து, சில ஊசிகளிலேயே இந்நோயை விலங்குகளில் உண்டாக்கிக் காட்டினர். அன்று தொடங்கி இன்றுவரை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் மயலின் சிதைவு நோயை ஆராய்வோருக்கு இந்தச் செயற்கை நோய்தான் முதன்மைக் கருவி. அந்நோய்க்கான கிளாட்டிரமர் என்ற மருந்து, இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இந்தச் சோதனை நோயை உண்டாக்க முயன்றபோது, அதற்கு மாறாக அதைத் தடுக்கும் பொருளாக அமைந்தது. 1996இல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது. ஆட்டு மூளை ஊசியின் வாதத்தைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய ஆய்வு, அந்த ஊசியைப் பார்த்தே இராத நாடுகளின் நோயாளிகளுக்கு மருந்தாக வந்து முடிந்தது.

பெங்களூரில் கண்ட முரண்

ஆய்வகக் குரங்கில் தெளிவாகத் தெரிந்தது, மருத்துவமனைக் கட்டிலில் அவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. நாய் கடித்த ஒருவர் பத்து ஊசி போட்ட நிலையில் கால் விளங்காமல் வருகிறார். இது ஊசியால் வந்த அழற்சியா, அல்லது வெறிநோயே வாத வடிவில் வந்துவிட்டதா? வெறிநோயில் தண்ணீரைக் கண்டு நடுங்கும் வடிவம் ஒன்று, நடுக்கமின்றி உடல் தளரும் வாத வடிவம் மற்றொன்று. முதலாவது காரணம் என்றால் ஊசியை நிறுத்தி ஸ்டீராய்டு கொடுக்க வேண்டும். நோயாளி பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. இரண்டாவது என்றால் சாவு ஏறத்தாழ உறுதி. ஊசியை நிறுத்தினால் வெறிநோய்க்கு வழிவிட்டதாகுமோ என்ற அச்சம் வேறு. ஸ்கேன் வசதிகள் பரவாத காலத்தில் இந்த முடிவை ஒரு மருத்துவர் எடுக்க வேண்டியிருந்தது, அதுவும் உறவினர்கள் வாசலில் நிற்க.

1974இல் இப்போதைய வடிவம் பெற்ற நிம்ஹான்ஸ், தென்னிந்தியாவின் பல மாவட்டங்களிலிருந்து இத்தகைய நோயாளிகளைப் பெற்றது. இதற்குள் பீனாலுக்குப் பதில் பீட்டா புரோப்பியோலாக்டோன் என்ற வேதிப்பொருளால் வைரஸைக் கொல்லும் மேம்பட்ட ஊசி வந்திருந்தது. வைரஸ் நன்றாகச் செத்தது. மயலினோ அப்படியே இருந்தது. இந்தப் புதிய ஊசிக்குப் பின்னும் நரம்புச் சிக்கல்கள் வருவதை எச்.எஸ். சுவாமி, நரம்பு நோய்க்குறியியலாளர் எஸ்.கே. சங்கர் முதலிய நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 1984இல் விரிவாகப் பதிவு செய்தனர்.

இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்த நோய்க்குறியியல், உலகின் வேறு இடங்களைப் போலவே இங்கும், ஒரு வியப்பான வேறுபாட்டைக் காட்டியது. வெறிநோயால் இறந்தவர் மூளையில் அழற்சி எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. வைரஸ் நரம்பணுக்களுக்குள் ஒளிந்துகொண்டு காவல் அணுக்களின் கண்ணில் படாமலே வேலையை முடித்துவிடுகிறது. ஊசியால் இறந்தவர் மூளையிலோ வெள்ளையணுக் கூட்டமும் உரிந்த மயலினும். அதாவது கொடிய நோய் அழற்சி அதிகமின்றிக் கொன்றது. காக்க வந்த மருந்து அழற்சியால் கொன்றது. மூளைக்கு அழற்சி எப்போதும் பகை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று கிடைப்பது அரிது. வெறிநோயில் காவலர்கள் வந்ததே போதவில்லை.

தாய்லாந்து மருத்துவர் தீரவாத் ஹெமச்சுதாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் 1987இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முத்திரை வைத்தது. செம்பிள் ஊசியால் பாதிக்கப்பட்டவர்களிடம் மயலின் அடிப்படைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்தன. பாதிப்பின் அளவு நாட்டுக்கு நாடு, ஊசிக்கு ஊசி பெரிதும் மாறுபட்டது. தாய்லாந்தில் அது ஏறக்குறைய 220 பேருக்கு ஒருவர் என்று கணக்கிடப்பட்டது.

ஏன் இவ்வளவு தாமதம்?

காரணம் தெரிந்த பிறகும் ஊசி நிற்கவில்லை. மயலின் குறைவான எலிக்குஞ்சு மூளையில் செய்த ஊசி 1950களில் சிலியில் உருவானது. மூளையே தேவைப்படாத, மனித அணுக்களை வளர்த்துச் செய்யும் ஊசி 1970களில் மேலைநாடுகளில் பயனுக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1984 முதல் நரம்புத் திசு ஊசியைக் கைவிடும்படி வலியுறுத்தியது. இலங்கையும் தாய்லாந்தும் 1990களில் கைவிட்டன. இந்தியாவில் புதிய ஊசி மருந்துக் கடையில் விலைக்குக் கிடைத்தது. அரசு மருத்துவமனையில் ஆட்டு மூளை ஊசி இலவசமாகக் கிடைத்தது. ஒரே தெருவில் ஒரே நாய் கடித்த இருவரில், வசதியுள்ளவர் கையில் ஐந்து ஊசி போட்டுக்கொண்டார், கூலி வேலைக்காரர் வயிற்றில் பதினான்கு போட்டுக்கொண்டார். அந்த வலிக்கு அஞ்சிப் பாதியில் நின்றவர்களும், பச்சிலையே போதும் என்று இருந்துவிட்டவர்களும் உண்டு. 2003இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பு, இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 20,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பிட்டது.

அரசின் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. விலையுயர்ந்த ஊசியை எல்லோருக்கும் கொடுக்க முடியாத நிலையில் மலிவான ஊசியை நிறுத்தினால், ஆயிரத்தில் சிலரைக் காப்பாற்றப் போய்ப் பலரை வெறிநோயிடம் விடுவதாகும். ஆனால் அந்த நியாயம் இருபது ஆண்டுகளுக்கு நீண்டிருக்கத் தேவையில்லை. 2004 டிசம்பரில் இந்தியாவில் நரம்புத் திசு ஊசித் தயாரிப்பு முடிவுக்கு வந்தது. தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் அதே ஆண்டு பிப்ரவரியில்தான். ஆகவே மாவட்டத்தின் வயதும், ஆட்டு மூளை இல்லாத காலத்தின் வயதும் ஏறத்தாழ ஒன்று.

வேலூர் காட்டிய வேறு இரு முகங்கள்

கிழக்குப் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நோயாளிகள் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது 1955இல், வேலூர்ப் பகுதியில். நெல் வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் இந்த வைரஸ், பின்னர் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தின் கோலார் மாவட்டக் குழந்தைகளையும் தாக்கியது. இங்கே வைரஸ் நரம்பணுக்களைக் கொல்வதோடு, கிளர்ந்தெழுந்த மைக்ரோகிளியா வெளியிடும் வேதிப்பொருள்களும் அருகிலுள்ள நல்ல அணுக்களைக் கெடுக்கின்றன. அப்படியானால் அழற்சியை அடக்கினால் போதுமே? தாய்லாந்தில் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 1992இல் வெளிவந்தது, பலன் இல்லை. காசநோய் மூளைச்சவ்வு அழற்சியிலோ, அதே வகை மருந்து சாவைக் குறைத்ததாக 2004இல் வியட்நாமிலிருந்து முடிவு வந்தது. ஒரு நோயின் கணக்கை இன்னொரு நோய்க்குப் போட முடியவில்லை.

இன்னொன்று நாடாப்புழுவின் கதை. புழு முட்டை கலந்த நீர், உணவு வழியாகச் சென்று மூளையில் கூடுகட்டும் நோய் நியூரோசிஸ்டிசெர்கோசிஸ். வேலூரை அடுத்த கணியம்பாடி ஒன்றியத்தில் நடந்த கணக்கெடுப்பில், தொடர் வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. புழுக்கூடு உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. மூளையின் காவலை அது ஏமாற்றி வைத்திருக்கிறது. புழு சாகும்போது ஏமாற்று கலைகிறது, அழற்சி கிளம்புகிறது, வலிப்பு வருகிறது. அதனால்தான் புழுக்கொல்லி மாத்திரையோடு ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். பேய் பிடித்ததாகக் கோயிலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குப் பிடித்திருந்தது செத்துக்கொண்டிருந்த ஒரு புழுவாக இருக்கலாம்.

அல்சைமர் போன்ற முதுமை நோய்களிலும் இன்று இதே கேள்வி ஓடுகிறது. மைக்ரோகிளியாவின் வேலையோடு தொடர்புள்ள டிரெம்2 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2013இல் கண்டறிந்தார்கள். அங்கே காவல் அணுக்கள் மிகுதியாக வேலை செய்வதைவிட, கழிவை அகற்றும் வேலையைச் சரியாகச் செய்யாததே குறை என்று தோன்றுகிறது. சாதாரண அழற்சி மாத்திரைகளைக் கொண்டு அல்சைமரைத் தடுக்கச் செய்த சோதனைகள் தோற்றதில் வியப்பில்லை. இவ்வகை ஆய்வுக்கு மூளைத் திசு வேண்டும். அதற்காகவே, எஸ்.கே. சங்கரின் முயற்சியில், நிம்ஹான்ஸில் 1995இல் மனித மூளை வங்கி தொடங்கப்பட்டது. உறவினர்கள் இசைந்து அளிக்கும் மூளைகள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன.

இன்று ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இரவுப் பணி முடிந்து திரும்பும் ஒருவரைத் தெருநாய் கடித்தால், காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுவதே முதல் வேலை. அரசு மருத்துவமனையில் அவருக்குக் கிடைப்பது மூளைத் திசு இல்லாத, அணு வளர்ப்பில் செய்த ஊசி. 2006இல் இந்தியா ஏற்ற தோலிடை முறைப்படி, இரு தோள்களிலும் ஒரு மி.லி.யில் பத்தில் ஒரு பங்கு வீதம், முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாள்களிலும் போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்தைக் காயத்தைச் சுற்றியே செலுத்துவார்கள். வரிசையில் நிற்கும் பெரியவர்கள் சிலர் இப்போதும் சட்டையை மேலே தூக்கி வயிற்றைக் காட்டுகிறார்கள். செவிலியர் கையை நீட்டச் சொல்கிறார்.